பழைய வீட்டுக் கணினியில் ‘விர்ச்சுவல் மெமரி குறைவாக உள்ளது’ என்ற எச்சரிக்கை அடிக்கடி வருகிறது. ரேம் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

உடனே வாங்க வேண்டாம். 4 ஜிபி ரேம் கொண்ட என் பழைய விண்டோஸ் 10 கணினியிலும் இதே எச்சரிக்கை மாலை வேளைகளில் தவறாமல் வந்துகொண்டிருந்தது. ஒரு பைசா செலவில்லாமல் அது நின்றது.

விர்ச்சுவல் மெமரி என்று இங்கே சொல்லப்படுவது, ரேமும் வன்தட்டில் ‘பேஜ்ஃபைல்’ என்ற பெயரில் மறைந்திருக்கும் கோப்பும் சேர்ந்த கொள்ளளவு. ரேமில் இடம் நெருக்கடியாகும்போது, சற்று நேரமாகத் தொடப்படாத பக்கங்களை, அதாவது 4 கேபி அளவுள்ள துண்டுகளை, விண்டோஸ் அந்தக் கோப்புக்கு மாற்றி வைக்கிறது. நிரல்களுக்கு ஒதுக்கித் தருவதாக அது ஒப்புக்கொண்ட மொத்த அளவு இந்தக் கொள்ளளவை நெருங்கும்போதுதான் எச்சரிக்கை எழுகிறது. ஆகவே குறை ரேமில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பேஜ்ஃபைல் சிறியதாக இருக்கலாம், வன்தட்டில் அது வளர இடமில்லாமல் இருக்கலாம், அல்லது ஏதோ ஒரு நிரல் வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராமல் விழுங்கிக்கொண்டிருக்கலாம்.

எது என்று கண்டுபிடிக்க, எச்சரிக்கை வந்த அந்த நேரத்திலேயே, ஓடும் நிரல்களையும் நினைவகப் பயன்பாட்டையும் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி’யைச் சொடுக்கி, ‘கமிட்டட்’ என்பதன் கீழுள்ள இரண்டு எண்களைப் பாருங்கள். என் கணினியில் அது 4.8/4.9 ஜிபி என்று காட்டியது. முதல் எண் விண்டோஸ் ஒதுக்கித் தர ஒப்புக்கொண்ட அளவு; இரண்டாவது எண்தான் உச்சவரம்பு. 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் அது 4.9 என்றால் பேஜ்ஃபைலின் பங்கு வெறும் 1 ஜிபிதான் என்று பொருள். எப்போதோ யாரோ சொன்னதைக் கேட்டு, கணினி வேகமாகும் என்ற நம்பிக்கையில் நானே 1024 எம்பி என்று நிலையாக வைத்துவிட்டு மறந்திருக்கிறேன்.

அடுத்து ‘டீட்டெய்ல்ஸ்’ பகுதியில் நெடுவரிசைத் தலைப்பின்மேல் வலச்சொடுக்குச் செய்து, ‘செலக்ட் காலம்ஸ்’ வழியாகக் ‘கமிட் சைஸ்’ என்பதைச் சேர்த்து, அதன்படி வரிசைப்படுத்துங்கள். உலாவி மேலே நிற்பது இயல்பு. எனக்கோ, அச்சுப்பொறியுடன் வந்த ஒரு சிறு உதவி நிரல் காலையில் 60 எம்பியில் தொடங்கி மாலையில் 1 ஜிபியைத் தாண்டியிருந்தது. இப்படி வேலையே இல்லாமல் ஏறிக்கொண்டே போகும் நிரலுக்குப் பேஜ்ஃபைலை எவ்வளவு பெரிதாக்கிக் கொடுத்தாலும் எச்சரிக்கை சற்றுத் தள்ளிப்போகுமே தவிர நிற்காது. அதைப் புதுப்பியுங்கள், அல்லது நான் செய்ததுபோல் நீக்கிவிடுங்கள்; அச்சுப்பொறி அது இல்லாமலேயே நன்றாக அச்சடிக்கிறது.

பேஜ்ஃபைல் அளவை மாற்ற, ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்பதன் ‘செட்டிங்ஸ்’ பொத்தானை அழுத்தி, அங்கே ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘விர்ச்சுவல் மெமரி’க்குக் கீழுள்ள ‘சேஞ்ச்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அளவைத் தானாக நிர்வகிக்கச் சொல்லும், மேலே உள்ள முதல் பெட்டியில் டிக் போட்டுவிடுவதே பெரும்பாலோருக்கு நல்லது. நீங்களே எண்களைக் கொடுப்பதானால், ‘செட்’ பொத்தானை அழுத்திய பிறகே ‘ஓகே’ அழுத்துங்கள்; ‘செட்’டை மறந்தால் மாற்றம் பதிவாகாது. பேஜ்ஃபைலே வேண்டாம் என்ற தேர்வைத் தொட வேண்டாம்.

தானாக வளர விட்டாலும் சி டிரைவில் காலியிடம் இருந்தால்தான் வளரும். சில ஜிபி இடமாவது எஞ்சியிருக்கும்படி, ‘டிஸ்க் கிளீனப்’ கொண்டு தற்காலிகக் கோப்புகளை அழியுங்கள்.

இவ்வளவும் எச்சரிக்கையை நிறுத்துமே ஒழிய வேகத்தைக் கூட்டாது. சுழலும் வன்தட்டு ரேமைவிடப் பல ஆயிரம் மடங்கு மெதுவானது. வன்தட்டு விளக்கு அணையாமல் எரிந்து, சாளரம் மாற்றவே அரை நிமிடம் ஆகிறதென்றால், அப்போதுதான் ரேமைப் பற்றி யோசிக்க வேண்டும். வாங்குமுன் டாஸ்க் மேனேஜரின் அதே ‘மெமரி’ பக்கத்தில் ரேம் செருகும் ஸ்லாட்டுகள் எத்தனை காலி என்று பாருங்கள். ரேமின் வகையையும் கவனியுங்கள்: டிடிஆர்3 வகைக்கான ஸ்லாட்டில் டிடிஆர்4 வகை பொருந்தாது. உங்கள் வீட்டு விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போடும் ரேம் வீண்.