தப்பு இருந்தால்தான் அசல்!

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரெக்கார்டு, சிடி, ஃபேன்சைன் (ரசிகர்களே நடத்தும் பத்திரிகை) பற்றித்தான். டெத் மெட்டல், பிளாக் மெட்டல் என்ற இரைச்சல் ராக் இசையைச் சேகரிக்கிறவர்கள் மதுரைப் பக்கம் இத்தனை பேர் இருப்பது எனக்கே புதுச் செய்தி. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். என்னைத் திட்டி வந்தவற்றை மட்டும் சுருக்கவில்லை, போடவே இல்லை.

கேள்வி: 1982-ல் வந்த 'மெட்டல் மசாக்கர்' முதல் தொகுப்பு (பல குழுக்களின் பாட்டுகள் சேர்ந்த ரெக்கார்டு), 'ஒரிஜினல் ஃபர்ஸ்ட் பிரஸ்' என்று சொல்லி இன்ஸ்டாகிராமில் ஒருவர் 9,500 ரூபாய்க்குக் கொடுத்தார். அட்டை பளபளவென்று இருக்கிறது. அதில் பாடிய மெட்டாலிகா குழுவின் பெயரும் சரியாக அச்சாகியிருக்கிறது. நல்ல விலைதானே? (திருமங்கலம் வாசகர்)

பதில்: பெயர் சரியாக இருக்கிறது என்பதுதான் சிக்கல். முதல் பதிப்பில் அந்தப் பெயரில் ஆங்கில 'டி' எழுத்தை இரட்டித்து, தப்பாக அச்சடித்துவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைத் தப்பாகப் போட்டால் அச்சகத்தில் சண்டை நடக்கும். இங்கே அந்தத் தப்பு இருந்தால்தான் அசல். ரெக்கார்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு சொந்தமாக ஒரு ஃபேன்சைனும் நடத்திய பிரையன் ஸ்லேகல் கைக்காசையும் கடனையும் போட்டுக் கொண்டுவந்த தொகுப்பு அது. பிழை இல்லாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். பின்னால் வந்த பதிப்புகளில் பெயரைத் திருத்தினார்கள், மெட்டாலிகாவின் 'ஹிட் த லைட்ஸ்' பாட்டின் பதிவையும் மாற்றினார்கள். உங்களிடம் இருப்பது பிந்தைய பதிப்பு. கேட்கக் குறை ஒன்றும் இருக்காது, விலைதான் முதல் பதிப்பின் விலை. அவர் 'ஃபர்ஸ்ட் பிரஸ்' என்று எழுதிய சாட்டை அழித்துவிடாதீர்கள். அதைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: 1984-ல் ஜெர்மனியின் நாய்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'டெத் மெட்டல்' தொகுப்பை வாங்கினேன். ஹெல்ஹாமர், ஹெலோவீன், ரன்னிங் வைல்ட், டார்க் அவெஞ்சர் நாலு குழுக்களும் இருக்கிற எல்.பி. ரெக்கார்டு. தரம் 'வி.ஜி.' என்று போட்டிருந்தார்கள். ஊசியை வைத்தால் வடை பொரிகிற சத்தம். (கல்லூரி மாணவர், நாகமலை புதுக்கோட்டை)

பதில்: ரெக்கார்டு வியாபாரத்தில் 'வி.ஜி.', அதாவது 'வெரி குட்' என்றால் கீறல் உண்டு, இரைச்சல் உண்டு, அப்படியும் பாட்டு கேட்கும் என்று அர்த்தம். 'குட்' என்றால் மோசம். பயமில்லாமல் வாங்க வேண்டுமென்றால் 'வி.ஜி. ப்ளஸ்', அதற்கு மேல் 'நியர் மின்ட்'. வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் பணம் கட்டியது உங்கள் தப்பு தம்பி, விற்றவர் பொய் சொல்லவில்லை. ஒருமுறை நன்றாகக் கழுவிப் பாருங்கள். சில சமயம் அது கீறலாக இருக்காது, முப்பது நாற்பது வருஷத்து அழுக்காக இருக்கும்.

கேள்வி: 'ப்ரொஜெக்ஷன்ஸ் ஆஃப் எ ஸ்டெய்ன்ட் மைண்ட்' என்ற ஸ்வீடிஷ் தொகுப்பின் 1991 சிடி. மேஹெம் குழுவின் பாட்டு, டெட் என்ற பாடகரின் குரலில் இருக்கிறது என்பதற்காகவே நாலு வருஷம் தேடினேன். ஒரு விற்பனைத் தளத்தில் கிடைத்தது. நண்பர் பார்த்துவிட்டு 'டூப்ளிகேட்' என்கிறார், விற்றவர் சத்தியம் செய்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? (வங்கி ஊழியர், திண்டுக்கல்)

பதில்: உங்கள் ஆசை புரிகிறது. 1991 ஏப்ரலில் இறந்துபோன பாடகர், ஸ்டுடியோவில் பதிந்து வைத்துவிட்டுப் போனது மிகக் கொஞ்சம். அதனாலேயே இதன் கள்ளப் பதிப்புகளுக்கும் கிராக்கி.

சிடியைத் திருப்பிப் பிடியுங்கள். பச்சையோ ஊதாவோ அடித்தால் வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதிய சிடி-ஆர், பேச்சே வேண்டாம். வெள்ளியாக இருந்தால் நடு ஓட்டையைச் சுற்றியிருக்கிற வட்டத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பொடி எழுத்தில் 'ஐ.எஃப்.பி.ஐ.' என்றும் பக்கத்தில் ஒரு குறியீடும் தெரிகிறதா? எந்த ஆலையில் அச்சான சிடி என்று காட்டுகிற அந்தக் குறியீட்டு முறையே 1994-ல்தான் வந்தது. 1991-ல் அச்சான சிடியில் அது இருக்க வழியே இல்லை. இருந்தால் மறுபதிப்பு அல்லது போலி. இல்லாவிட்டால் அசல் என்று துள்ளவும் வேண்டாம், போலி அடிக்கிறவன் அதைப் போடாமலும் விடுவான். அப்போது உள்வட்டத்து எண்ணை டிஸ்காக்ஸ் இணையதளத்தின் ரெக்கார்டுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

போலி என்று தெரிந்தால் படம் எடுத்துத் தளத்துக்கே எழுதுங்கள். அசையவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தால் என்ன, 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். விற்றவர் கடைக்காரர் இல்லை, தன்னிடம் இருந்த ஒன்றைத் தள்ளிவிட்ட ஆள் என்றால் வழக்கு கொஞ்சம் நொண்டும். அதனால்தான் தளத்தின் வழியாகப் பணம் கட்டுங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறேன்.

கேள்வி: கேசட் திரும்ப வந்துவிட்டதாமே? டெமோ (குழுக்கள் மாதிரிக்குப் பதிந்த பாட்டு) தொகுப்புகள் ஒரு பத்து வாங்கிப் போடலாமா? (மேலூர் வாசகர்)

பதில்: ஓடுகிற டெக் வீட்டில் இருக்கிறதா?

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பழைய தொகுப்புகள் இருபத்திரண்டு, மொத்தமாக 14,000 என்றார். ஜிபே பண்ணினேன். மறுநாள் குழுவிலும் ஆள் இல்லை, நம்பரும் இல்லை. அவமானமாக இருக்கிறது, வீட்டில் சொல்லவில்லை. (தொழிற்சாலைப் பணியாளர், கப்பலூர்)

பதில்: அவமானப்பட வேண்டியவன் அவன். கடிதம் எனக்கு வந்து சேரவே நாள் ஆகியிருக்கும், இன்னும் செய்யவில்லை என்றால் இப்போதே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடித்துப் புகாரைப் பதியுங்கள். ஜிபே பரிவர்த்தனை எண், அவன் அனுப்பிய படங்கள், குழுவின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம். நாள் போகப் போகக் குறையும், ஆனால் அவன் கணக்கு மாட்டட்டும். வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

நானும் இதில் தப்பியவன் இல்லை. மணியார்டர் காலத்தில், வெளியூர் ஆள் ஒருவர் ட்ரிப்யூட் கேசட் (ஒரு குழுவின் பாட்டுகளை மற்ற குழுக்கள் வாசித்துச் செலுத்தும் அஞ்சலி) தருவதாக எழுதியதை நம்பி 300 ரூபாய் அனுப்பினேன். ஒன்றரை மாதம் தினமும் தபால்காரரை வாசலில் மறித்தேன். வந்தது பேனாவில் பெயர் எழுதிய டேப். முதல் பக்கம் பாதி வரை மெட்டல், அப்புறம் பழைய இந்திப் பாட்டு, கடைசியில் யாரோ வீட்டுக் காதுகுத்து. அந்தக் காதுகுத்து மட்டும் சுத்தமான பதிவு.

கேள்வி: வெளிநாட்டில் வாங்கும்போது விற்பவர், 'பார்சலில் கிஃப்ட் என்று எழுதுகிறேன், நீ பேபாலில் ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி என்று போட்டு அனுப்பு' என்கிறார். இரண்டு பேருக்கும் லாபம்தானே? (மென்பொருள் ஊழியர், கே.கே. நகர்)

பதில்: அவருக்கு லாபம். வெளிநாட்டுப் பார்சலுக்கு நம் சுங்கத்தில் இருந்த கிஃப்ட் சலுகையை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். ராக்கிக்கும் உயிர் காக்கும் மருந்துக்கும்தான் விலக்கு, உங்கள் எல்.பி. இரண்டும் இல்லை. ஃப்ரெண்ட்ஸ் என்று போட்ட பணத்துக்குப் பாதுகாப்பும் கிடையாது. பார்சலில் விலையைக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தால், தொலைந்த பிறகு அந்தக் குறைந்த விலைதான் கணக்கு.

கேள்வி: 'லிமிடெட் எடிஷன், கையால் எண்ணிட்டது, டை-ஹார்ட் (தீவிர ரசிகர்) பதிப்பு' என்று ஒரு ட்ரிப்யூட் ஆல்பம் வருகிறது. சாதாரணப் பதிப்பைப்போல இரண்டரை மடங்கு விலை. நாளைக்கு விலை ஏறும் என்கிறார்கள். வாங்கட்டுமா? (பொறியியல் மாணவர், திருநகர்)

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன், உட்காருங்கள்.

அண்டர்கிரவுண்ட் மெட்டலில் லிமிடெட் இல்லாத ரெக்கார்டு எது? முந்நூறு அடிப்பார்கள், ஐந்நூறு அடிப்பார்கள். லட்சம் பிரதி அடித்து இந்தச் சத்தத்தை யாரிடம் விற்பது? ஆக 'லிமிடெட்' என்பது சிறப்பே இல்லை, இந்தத் தொழிலின் நிலைமை. அந்த ஐந்நூறையே நூறு சிவப்பு, நூறு புள்ளி தெறித்தது, முந்நூறு கறுப்பு என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 'லிமிடெட்' ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். உள்ளே ஓடுகிற பாட்டு ஒன்றேதான்.

அடுத்து அந்தக் கை எண். '137/500' என்று இருந்தால் ஏதோ கணக்கு இருக்கிறது. வெறும் '137' என்றால் அது எண்ணே இல்லை, வெள்ளிப் பேனா. எத்தனையில் 137 என்று கேளுங்கள், பதில் வருகிறதா பார்ப்போம். டை-ஹார்ட் என்ற பெயரில் துணிப் பேட்ச் ஒன்று, போஸ்டர் ஒன்று, ஒரு ஸ்டிக்கர். போஸ்டரை மடித்து அனுப்புவார்கள், மடிப்பு விழுந்த போஸ்டருக்குச் சேகரிப்புச் சந்தையில் மரியாதை இல்லை. இரண்டு வருஷம் கழித்து 'ரசிகர்கள் வேண்டுகோளுக்கிணங்க' மறுபதிப்பு வரும், அதுவும் லிமிடெட்.

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடையில் 'கடைசி பீஸ் அண்ணே' என்பார்கள். நாலு நாள் கழித்துப் போனால் அதே கலரில் அதே கடைசி பீஸ் தொங்கும். அங்கே சிரித்துவிட்டுப் பேரம் பேசுகிற நாம், ரெக்கார்டு என்றதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கார்டு நம்பரைத் தட்டுகிறோம். எண்ணிக்கை குறைவு என்பதால் விலை ஏறாது, கேட்பவர் அதிகமானால்தான் ஏறும். ஊரில் யாரும் கேட்காத இசைக்குழுவின் ரெக்கார்டு ஐம்பதே பிரதி என்றாலும் ஐம்பதும் அலமாரியில்தான் தூங்கும்.

என்னிடம் ஒரே ட்ரிப்யூட் ஆல்பம் மூன்று கலரில் இருக்கிறது. எதற்கு மூன்று என்று மனைவி கேட்டபோது 'முதலீடு' என்றேன். இன்றுவரை அந்த வார்த்தையை வைத்தே என்னை அடிக்கிறாள். சாதாரணக் கறுப்பு வாங்குங்கள்.

கேள்வி: ட்ரிப்யூட் ஆல்பங்களில் ஏதாவது ஒன்றாவது தேறுமா? (அதே மாணவர்)

பதில்: முக்கால்வாசி தேறாது. ஒரு பெரிய பெயரும் பதினொரு நிரப்புகளும். ஒரே பாட்டுக்காக நான் வாங்கிய ஒன்றில், அந்தக் குழுவே வேறு, பெயர் மட்டும் அதே. 1998-ல் மூன்ஃபாக் நிறுவனம் வெளியிட்ட 'டார்க்த்ரோன் ஹோலி டார்க்த்ரோன்' வாங்குங்கள், நார்வேயின் டார்க்த்ரோன் குழுவுக்கான அஞ்சலி. எட்டே குழுக்கள், எட்டும் நார்வே. எம்பரர், என்ஸ்லேவ்ட், சடிரிகான், தோர்ன்ஸ் எல்லாம் டார்க்த்ரோனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. அஞ்சலி செலுத்த வந்தவர்களுக்கே தனி ரசிகர் கூட்டம் இருந்தது, ஒப்புக்கு வாசிக்கவில்லை.

கேள்வி: நார்வேயின் 'ஸ்லேயர் மேக்' ஃபேன்சைன் பழைய இதழ்கள் தேடுகிறேன். விலை எட்டவில்லை. ரீபிரிண்ட் வாங்கலாமா, இல்லை யாரிடமாவது ஸ்கேன் வாங்கி நானே சிவகாசியில் அடித்துவிடட்டுமா? நண்பர்களுக்கும் விற்கலாம். (விருதுநகர் வாசகர்)

பதில்: கடைசி இரண்டு வாக்கியங்களை நான் படிக்கவில்லை. எழுதியவர் உயிரோடு இருக்கிறார், உரிமையும் உயிரோடு இருக்கிறது. சிவகாசியில் எதையும் அழகாக அடித்துத் தருவார்கள், அனுமதிக் கடிதத்தை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

இதில் அதற்குத் தேவையும் இல்லை. 1985-லிருந்து 2010 வரை அதை நடத்திய யோன் கிறிஸ்தியான்சனின் இதழ்களைத் திரட்டி, பஸிலியன் பாயிண்ட்ஸ் பதிப்பகம் 2011-ல் 'மெட்டாலியன்: த ஸ்லேயர் மேக் டைரீஸ்' என்று 700 பக்கத்துக்கு மேல் ஒரே புத்தகமாகக் கொண்டுவந்தது. தலையணை கனம், தபால் செலவு கடிக்கும், நாலு பேர் சேர்ந்து ஒரே பார்சலில் வரவழையுங்கள். தேடிக் கிடைக்கிற ஒற்றை இதழ்களின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேறு ஃபேன்சைன் ரீபிரிண்ட் எதை வாங்கினாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: அசல் தாளிலிருந்து ஸ்கேன் செய்ததா, ஜெராக்ஸின் ஜெராக்ஸிலிருந்தா? எல்லாப் பக்கமும் உண்டா? உள்பக்கத்துக்கு ஒரு மாதிரிப் படம் தர முடியுமா? நான் கேட்காமல் வாங்கிய ஒன்றில் பேட்டியின் கேள்விகள் தெரிந்தன, பதில்கள் கறுப்புக் கறை.

நம் நாட்டுச் சரக்கையும் மறக்காதீர்கள். 1993-ல் அலகாபாத்திலிருந்து அமித் சைகல் தொடங்கிய 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' பழைய இதழ்களும், 'கிரேட் இந்தியன் ராக்' தொகுப்புகளும் பழைய புத்தகக் கட்டுகளோடு எடைக்குப் போய்க்கொண்டிருக்கலாம். நார்வேக்குப் பணம் அனுப்புவதற்கு முன்னால் அந்தக் கட்டுகளைப் பிரித்துப் பாருங்கள்.

கேள்வி: மகன் சென்னையில் வேலைக்குப் போய்விட்டான். அவன் அறையில் பெட்டி பெட்டியாகப் பெரிய தட்டுகள், அட்டை முழுக்க எலும்புக்கூடும் பேயும். 'ஸ்காண்டிநேவியன் மெட்டல் அட்டாக்' என்று ஒன்று மேலே இருக்கிறது. மாடியில் தகரக் கொட்டகைக்கு மாற்றலாமா, இல்லை பழைய பேப்பர்காரரிடம் போடலாமா? (இல்லத்தரசி, அனுப்பானடி)

பதில்: அம்மா, பேப்பர்காரரைக் கூப்பிட்டு விடாதீர்கள். மேலே இருப்பதாக நீங்கள் எழுதியது 1984-ல் வந்த தொகுப்பு, பாத்தரி என்ற குழு முதன்முதலில் ரெக்கார்டில் ஏறியது அதில்தான். அசலாக இருந்தால் உங்கள் வீட்டு மிக்சி விலைக்குக்கூடப் போகலாம். தகரக் கொட்டகையும் வேண்டாம். சித்திரை வெயிலில் என் மாடி அறையில் விட்டுவைத்த பதினான்கு எல்.பி. அப்பளமாக நெளிந்துவிட்டன, அதில் இரண்டு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருந்தவை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், புத்தகம் மாதிரி நிமிர்த்தி, கீழ் அறையில் வெயில் படாத சுவரோரம் வையுங்கள். தரையில் நேராக வேண்டாம், கரையான் வரும், பலகை போடுங்கள். அட்டைகளுக்கு ராமபாணப் பூச்சிதான் எதிரி, மாதம் ஒருமுறை எடுத்துத் தட்டினால் போதும். எலும்புக்கூடு கண்ணில் பட்டால் பயமாக இருக்கிறது என்றால் ஒரு பழைய சேலையைப் போர்த்திவிடுங்கள், பருத்திச் சேலையாக இருக்கட்டும்.