நீரைப் பிளக்கும் பிளாட்டினம், இரிடியம் வினையூக்கிகளைத் திறனுடன் தயாரிப்பது எப்படி? நானோ துகளாக்கினால் போதுமா? உலோகத்தைத் தனித்தனி அணுக்களாகப் பதிக்கும் ஒற்றை அணு வினையூக்கிகள் உதவுமா?

போதாது. மின்வேதியியல் ஆய்வகத்தில் இந்த உலோகங்களோடு வேலை செய்பவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். துகளைச் சிறிதாக்குவது இன்று நன்றாகக் கைவந்த வித்தை. அந்தச் சிறு துகள் அமிலத்திலும் மின்னழுத்தத்திலும் கரைந்து போகாமல் ஆண்டுக்கணக்கில் உழைப்பதுதான் கடினம். விலையுயர்ந்த உலோகத்தில் திறன் என்பது, ஓர் அணு கரைந்து மறைவதற்குள் எத்தனை நீர் மூலக்கூறுகளைப் பிளந்து தருகிறது என்பதே. தயாரிப்பு முறையை இந்தக் கணக்கை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நீரைப் பிளக்க, அறை வெப்பநிலையில், கோட்பாட்டின்படி 1.23 வோல்ட் போதும். அதற்கு மேல் நாம் கொடுப்பதெல்லாம் வினையின் தயக்கத்துக்குச் செலுத்தும் விலை. எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் உருவாகும்போது அந்த விலை மிகக் குறைவு. பிளாட்டினம் ஹைட்ரஜன் அணுவை இறுகப் பற்றுவதும் இல்லை, எளிதில் நழுவ விடுவதும் இல்லை. அதனால் அமிலக் கரைசலில் சில பத்து மில்லிவோல்ட் கூடுதலாகக் கொடுத்தாலே வினை ஓடுகிறது. இந்தப் பக்கம் ஏறக்குறைய தீர்ந்த சிக்கல் என்றே நான் கருதுகிறேன்.

சிக்கல் முழுவதும் நேர்மின்வாயில், ஆக்சிஜன் பக்கத்தில் இருக்கிறது. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலக்ட்ரான்களும் நான்கு புரோட்டான்களும் படிப்படியாக விலக வேண்டும். இடைப்பட்ட நிலைகளில் பரப்பில் ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சில் (OH), ஹைட்ரோபெராக்சில் (OOH) ஆகிய இரண்டும் பரப்போடு ஒரே போக்கில் பிணைகின்றன. ஒன்றின் பிணைப்பை வலுவாக்கினால் மற்றதும் வலுவாகிறது. இரண்டுக்கும் இடையே ஆற்றல் வேறுபாடு 2.46 எலக்ட்ரான் வோல்ட் இருந்தால் உத்தமம். உண்மையான ஆக்சைடுகளில் அது 3.2 அளவிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே மிகச் சிறந்த வினையூக்கியும் இந்தப் பக்கம் 0.3 வோல்ட்டுக்கு அருகில் கூடுதலாகக் கேட்கிறது. தயாரிப்பு நுணுக்கத்தால் மட்டும் இந்த இடைவெளியைக் கடந்துவிட முடியாது.

அப்படியானால் ஏன் இரிடியம்? புரோட்டான் கடத்தும் சவ்வைக் கொண்ட மின்னாற்பகுப்புக் கலத்தில் சூழல் கடும் அமிலத்தன்மை உடையது. நேர்மின்வாயின் மின்னழுத்தம் 1.5 வோல்ட்டைத் தாண்டும். அங்கே நிக்கலும் கோபால்ட்டும் கரைந்துவிடும். கார்பன் ஆக்சிஜனேற்றம் அடைந்து கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். ருத்தேனியம் ஆக்சைடு இரிடியத்தைவிடச் சுறுசுறுப்பானது. ஆனால் உயர் ஆக்சைடாக மாறிப் பரப்பை விட்டு வெளியேறுகிறது. இரிடியமும் கரையவே செய்கிறது, மிக மெதுவாக. அந்த மெதுவுக்காகத்தான் இவ்வளவு விலை கொடுக்கிறோம்.

விலையைவிட அளவு இன்னும் கவலைக்குரியது. உலகில் ஆண்டுக்கு 7 முதல் 8 டன் இரிடியமே சுரங்கங்களிலிருந்து கிடைக்கிறது. பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில், பிளாட்டினம் எடுக்கும்போது உடன்விளைபொருளாக வருவது. இரிடியத்தின் தேவை உயர்ந்துவிட்டது என்பதற்காக யாரும் புதுச் சுரங்கம் தோண்டுவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் இரிடியம் பூசி, 2 ஆம்பியர் மின்னோட்டத்தில், 1.8 வோல்ட்டில் கலத்தை இயக்கினால் அந்தப் பரப்பு 3.6 வாட் மின்சாரத்தை ஏற்கிறது. ஒரு கிகாவாட் நிலையத்துக்கு 550 கிலோ இரிடியம் வேண்டும். ஆண்டு உற்பத்தி முழுவதையும் இதற்கே ஒதுக்கினாலும் 15 கிகாவாட்டைத் தாண்டாது. அதனால் பூச்சின் அளவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைப்பது இந்தத் துறையில் உயிர்நாடியான வேலை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஓர் அவசரம் எழுகிறது.

இனித் தயாரிப்பு. பிளாட்டினத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது பாலியால் முறை. குளோரோபிளாட்டினிக் அமிலத்தை எத்திலீன் கிளைக்காலில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, மந்த வாயுச் சூழலில் 160 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் கிளைக்காலே பிளாட்டின அயனியை உலோகமாக ஒடுக்குகிறது. 2, 3 நானோமீட்டர் துகள்கள் கிடைக்கும். அணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை பரப்பில் இருக்கும். காரத்தின் அளவைக் கூட்டினால் துகள் சிறிதாகும். கிளைக்காலிலிருந்து உருவாகும் கிளைக்கோலேட் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் காக்கிறது. பின்னர் அமிலம் சேர்த்ததும் அவை கார்பன் தாங்கியில், அதாவது துகள்களைச் சுமக்கும் கார்பன் தூளில், படிந்துவிடும். பாலிமர்க் காப்புப் பொருள்களைச் சேர்த்து அழகான கனசதுரங்களையும் எண்முகிகளையும் செய்யலாம். ஆனால் அந்தப் பாலிமரைப் பரப்பிலிருந்து முற்றிலும் நீக்குவது பெரும்பாடு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்ணைப் பறிக்கும் துகள், கலத்தில் மந்தமாக இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இரிடியம் ஆக்சைடுக்கு ஆடம்ஸ் முறை இன்றும் நம்பகமானது. ரோஜர் ஆடம்ஸ் 1920களில் பிளாட்டினம் ஆக்சைடுக்காக உருவாக்கியதை இரிடியத்துக்கும் பயன்படுத்துகிறோம். இரிடியம் குளோரைடு உப்பைப் பெருமளவு சோடியம் நைட்ரேட்டுடன் கலந்து, உலர்த்தி, உலையில் உருக்கி, ஆறிய பிறகு உப்புகளைக் கழுவி நீக்க வேண்டும். நச்சான நைட்ரஜன் டை ஆக்சைடு புகை வரும்; புகை வெளியேற்றும் பெட்டி இல்லாமல் இதைத் தொடவே கூடாது. கழுவுவதில் பொறுமை மிக முக்கியம். எஞ்சிய குளோரைடு உலோகத்தைக் கரைக்கத் துணைபோகும்.

இங்கேதான் உண்மையான முடிவை எடுக்கிறோம்: உலையின் வெப்பநிலை. 350 டிகிரி அளவில் நிறுத்தினால் ஒழுங்கற்ற அமைப்பும், அதிகப் பரப்பும், மிகுந்த சுறுசுறுப்பும் கொண்ட ஆக்சைடு கிடைக்கும். அதன் செயல்திறன் வரைபடத்தைப் பார்த்தால் மனம் மகிழும். அதே பொருள் வேகமாகக் கரையவும் செய்யும். 500 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் ரூட்டைல் என்ற வகைப் படிகம் ஒழுங்காக அமைகிறது, பரப்பு சுருங்குகிறது, கரைவு பெருமளவு குறைகிறது. ஒழுங்கற்ற ஆக்சைடில் மேலோட்டத்து ஆக்சிஜன் மட்டுமன்றி உள்ளே இருக்கும் ஆக்சிஜனும் வினையில் பங்கெடுக்க முடிவது, அதன் சுறுசுறுப்புக்கும் பலவீனத்துக்கும் சேர்ந்தே காரணமாகக் கருதப்படுகிறது. நீண்டகால இயக்கம் நோக்கமானால் நான் படிக ஆக்சைடின் பக்கமே நிற்பேன். பரப்பு குறைந்ததை வேறு வழியில் ஈடுகட்டுவேன்.

அந்த வேறு வழி, தாங்கியின் மேல் மெல்லிய உறையாக ஆக்சைடைப் படியவைப்பது. நேர்மின்வாயில் கார்பன் நிற்காது என்பதால் டைட்டானியம் ஆக்சைடு, ஆன்டிமனி கலந்த டின் ஆக்சைடு போன்றவற்றை நாடுகிறோம். வெறும் டைட்டானியம் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இரிடியம் உறை துகளுக்குத் துகள் தொடர்ந்து தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பூச்சைக் குறைக்கும்போது பலர் தடுமாறும் இடமும் இதுவே. இரிடியம் ஆக்சைடு மிகக் கனமான பொருள். சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மில்லிகிராம் மட்டும் பூசினால் அடுக்கு மிக மெல்லியதாகி, திட்டுத் திட்டாகப் பிரிந்துபோகிறது. எந்தத் திட்டு, மின்னோட்டத்தைக் கடத்தும் டைட்டானிய வலையைத் தொடவில்லையோ, அங்குள்ள இரிடியம் முழுவதும் வீண். குறைந்த எடையில் போதிய தடிமன் தரும் தாங்கி அமைப்பு வேண்டும். டைட்டானிய வலையின் மேல் உருவாகும் கடத்தா ஆக்சைடைத் தடுக்க அதற்கும் பிளாட்டினப் பூச்சு தேவைப்படுகிறது.

ஒற்றை அணு வினையூக்கிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒவ்வோர் அணுவும் வினையில் ஈடுபடும் என்ற எண்ணம் கவர்ச்சியானது. ஹைட்ரஜன் பக்கத்தில் அதற்கு இடமும் உண்டு. ஆக்சிஜன் பக்கத்தில், அமிலத்தில், தனித்து நிற்கும் அணுவை நீண்ட காலம் பிடித்துவைக்க முடியும் என்பதில் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

ஒளியால் நேரடியாக நீரைப் பிளக்கும் பக்கத்தில் ஓர் அருமையான வேலை நடந்திருக்கிறது. ஜப்பானில் கசுனாரி டோமென் குழுவினர் 2020இல் அலுமினியம் கலந்த ஸ்ட்ரோன்சியம் டைட்டனேட் படிகத்தின் ஒரு வகை முகங்களில் ரோடியத்தையும், வேறு முகங்களில் கோபால்ட் ஆக்சிஹைட்ராக்சைடையும் ஒளியாலேயே படியவைத்தார்கள். ரோடியத்தின் மேல் குரோமியம் ஆக்சைடு உறை. அது ஆக்சிஜனைத் தடுத்து, உருவான ஹைட்ரஜன் மறுபடி நீராகிவிடாமல் காக்கிறது. 350 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் 96 சதவீதம் வரை குவாண்டம் திறன் (விழுந்த ஒளித்துகள்களில் வினைக்குப் பயன்பட்ட பங்கு) கிடைத்தது. உலோகத்தைத் தேவையான முகத்தில் மட்டும் வைப்பதால் என்ன சாத்தியம் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன்.

செய்த பொருளை அளப்பதில் இரண்டு எச்சரிக்கைகள். ஹைட்ரஜன் வினையூக்கியைச் சோதிக்கும்போது எதிர் முனையில் பிளாட்டினக் கம்பியை வைக்காதீர்கள். அது கரைந்து வந்து உங்கள் மின்வாயில் படிந்து, எந்தப் பொருளையும் சிறந்ததாகக் காட்டிவிடும். கிராஃபைட் கம்பி போதும். ஆக்சிஜன் பக்கத்தில் சுழல் வட்டு மின்வாயில், அதாவது வினையூக்கியைப் பூசிக் கரைசலில் சுழற்றும் சிறு வட்டில், பார்க்கும் ஆயுளை நம்பாதீர்கள். நுண்துளைகளில் சிக்கிய வாயுக் குமிழிகள் பரப்பை மறைக்கும்போது, வினையூக்கி அழிந்தது போன்ற தோற்றமே வரும். கரைசலில் எவ்வளவு இரிடியம் கலந்தது என்று நிறை நிறமாலைமானியில் அளந்து, வெளிவந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அந்த இரிடியம் அணுக்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். இரண்டு பொருள்களை ஒப்பிட நான் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

முழுக் கலத்தில் சோதிக்க வாய்ப்புக் கிடைத்தால், தொடர்ந்து இயக்குவதோடு நிறுத்தியும் தொடங்கியும் பாருங்கள். நிறுத்திய நேரத்தில் ஹைட்ரஜன் சவ்வைக் கடந்து நேர்மின்வாய்க்கு வந்து, ஆக்சைடின் மேற்பரப்பை உலோக இரிடியமாக ஒடுக்குகிறது. மறுபடி தொடங்கும்போது அந்த உலோகம் ஆக்சைடைவிட எளிதாகக் கரைகிறது. வெயிலையும் காற்றையும் நம்பி ஓடப்போகும் கலத்துக்கு இந்தச் சோதனை தொடர் இயக்கத்தைவிட முக்கியமானது.