கேபைப் பறிக்கலாமா?

அன்புள்ள ஐயா,

அலுவலகக் கூட்டம் முடியத் தாமதமானதால் என்னை வீட்டில் இறக்கிவிடுவதாக மேலதிகாரி சொன்னார். நான் 'நோ, ஐ வில் கிராப் எ கேப்' என்றேன். அப்புறம் அகராதியைப் புரட்டினால் 'கிராப்' என்பதற்குப் பறி, அபகரி என்றெல்லாம் போட்டிருக்கிறது. மரியாதையில்லாமல் பேசிவிட்டேனா? 'டேக் எ டாக்ஸி' என்று சொல்லியிருக்க வேண்டுமா?

(பெயர் வேண்டாம் என்ற வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் சொன்னது சரிதான். அந்த இடத்தில் 'டேக்' என்பதைவிட 'கிராப்' இன்னும் பொருத்தம் என்றுகூடச் சொல்வேன். அவர் முகம் மாறியிருந்தால் அது முன்னால் வந்த அந்த மொட்டை 'நோ'வால்தான். கூட ஒரு 'தேங்க்ஸ்' போட்டிருக்கலாம்.

அகராதி சொல்லும் அர்த்தமும் பொய்யில்லை. நில அபகரிப்பை ஆங்கிலத்தில் 'லேண்ட் கிராப்' என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் பேச்சில் அந்தச் சொல்லின் முரட்டுத்தனம் எப்போதோ தேய்ந்துவிட்டது. 'கிராப் எ காபி', 'கிராப் எ சீட்', 'கிராப் சம் ஸ்லீப்' எல்லாம் சர்வ சாதாரணம். இவற்றில் யாரும் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்குவதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, பெரிய ஏற்பாடு தேவையில்லை, சட்டென்று முடிந்துவிடும். இவ்வளவுதான் அதற்குப் பொருள். அதனால்தான் ஒரு வாய் சாப்பிடுவதற்கு 'கிராப் எ பைட்' வரும், பந்தி போட்டுப் பரிமாறும் விருந்துக்கு வராது.

இங்கேதான் பணிவு வருகிறது. 'ஐ வில் கிராப் எ கேப்' என்றால் எனக்காக நீங்கள் சிரமப்பட வேண்டாம், இது சின்ன வேலை என்று அர்த்தம். தமிழில் இதையே 'நான் ஒரு ஆட்டோ பிடிச்சுப் போய்க்கிறேன்' என்போம். 'பிடிச்சு' வண்டிக்கு, 'போய்க்கிறேன்' எதிரில் இருப்பவரின் மனநிம்மதிக்கு. 'போகிறேன்' என்று மட்டும் சொன்னால் அது வெறும் தகவல். 'கொள்' சேர்ந்தால்தான் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற தொனி வரும். ஆங்கிலத்தில் அந்த வேலையில் பாதியை 'கிராப்' செய்துவிடுகிறது.

'கேட்ச்', 'ஹெயில்' இரண்டும் கொஞ்சம் வேறு. 'கேட்ச்' பெரும்பாலும் நேரம் குறித்துக் கிளம்பும் ரயிலுக்கும் விமானத்துக்கும். தவறவிடும் பயம் அதில் உண்டு. 'கேட்ச் எ கேப்' என்றும் சொல்வார்கள், தப்பில்லை. 'ஹெயில்' என்பது தெருவில் கையைக் காட்டி, குரல் கொடுத்து நிறுத்துவது. லண்டனில் இந்த வித்தியாசம் சட்டத்திலேயே இருக்கிறது: கறுப்பு டாக்ஸிகளைத் தெருவில் கைகாட்டி நிறுத்தலாம், தனியார் வாடகைக் கார்களை முன்பதிவு செய்துதான் ஏற வேண்டும். செயலியில் பதிவு செய்தாலும் தெருவில் நிறுத்தினாலும் 'கிராப்' ஒத்துப்போகும்.

கேபா டாக்ஸியா என்பதில் குழம்ப வேண்டாம். 'கேப்' என்பது 'கேப்ரியோலே' என்ற பிரெஞ்சுக் குதிரை வண்டிப் பெயரின் சுருக்கம். 'டாக்ஸி' கட்டணம் காட்டும் 'டாக்ஸிமீட்டர்' கருவியிலிருந்து வந்தது. இன்று இரண்டும் ஒன்றுதான்.

சிங்கப்பூர், மலேசியா பக்கம் போனால் மட்டும் கவனம். 2012-ல் மலேசியாவில் 'மைடெக்ஸி' என்று தொடங்கிய சேவை 2016-ல் 'கிராப்' என்றே பெயர் வைத்துக்கொண்டது. அங்கே 'டேக் எ கிராப்' என்பார்கள். 'கிராப்' என்றதும் அந்த நிறுவனம்தான் நினைவுக்கு வரும்.

எழுத்தில் வேறு கணக்கு. வெளியிலிருந்து வரும் விருந்தினருக்கு அனுப்பும் மின்னஞ்சலில் 'வீ வில் கிராப் யூ எ கேப்' என்றால் அவரை ஏனோதானோவென்று நடத்துவது போலிருக்கும். 'வீ வில் அரேஞ்ச் எ கார்' என்று எழுதுங்கள். பயணச் செலவு கேட்கும் படிவத்திலும் 'டுக் எ டாக்ஸி' போதும். ரசீதை இணைக்க மறந்தால் எந்த வினைச்சொல் போட்டும் பணம் வராது.