மூன்றாம் பக்கத்தில் நின்றுபோகும் கதைகள்

கோலாலம்பூர், செந்தூலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கணக்காய்வு அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் அவருக்குத் தம் பாட்டியின் தோட்டப்புற வாழ்க்கையைக் கதையாக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆனால், தொடங்கிய எதுவும் மூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை. தாம் தோட்டத்தில் வாழாததுதான் காரணமா, எழுதிப் பழக என்ன செய்யலாம், உரையாடலில் மலாய்ச் சொற்கள் வரலாமா என்று கேட்கிறார்.

அனுபவக் குறைவு காரணமாக இருக்காது என்றே நினைக்கிறேன். ‘தோட்டப்புற வாழ்க்கை’ என்பது கட்டுரைக்குரிய தலைப்பு. அதை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தால் ரப்பர்ப் பால்மரம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயம், கங்காணி, கள்ளுக்கடை என்று மூன்று பக்கத்துக்கு வருணனை ஓடும். அதற்குமேல் என்ன நடக்க வேண்டும் என்பது எழுதுபவருக்கே தெரியாது. கதைக்கு வேண்டியது, ஒருவருக்கு இன்றைக்குள் ஏதோ ஒன்று கட்டாயம் தேவைப்படுவதும் அது எளிதில் கிடைக்காமல் போவதும்தான்.

ஆகவே பாட்டியிடமோ அவர் காலத்து உறவினரிடமோ “அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள், எல்லாரும் சொல்லும் பதிலையே அவர்களும் சொல்வார்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போகும்போது கைக்குழந்தையை யாரிடம் விட்டார், மழை பெய்த நாளில் என்ன செய்தார் என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே ஒரு கதைக்குப் போதும். குளிர்ந்த விடியற்பொழுதில்தான் ரப்பர் பால் நன்றாக வடியும் என்பதால் இருள் பிரியும் முன்பே மரப்பட்டையை வெட்டத் தொடங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பட்டை நனைந்து, பால் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) விழாமல் மரத்தோடு வழிந்து வீணாகும். எனவே அன்று வெட்டு இல்லை, நாட்கூலிக்காரருக்கு அந்த நாளின் வருமானமும் இல்லை. மகனின் தேர்வுக் கட்டணத்தை வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டிய ஒரு பெண், அதிகாலை நான்கு மணிக்குத் தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்டு விழிக்கிறாள் என்று தொடங்கிப் பாருங்கள். நீங்கள் மூன்று பக்கத்தில் எழுதிய வருணனை முழுவதும், அவள் யாரிடம் பணம் கேட்கப் போகிறாள் என்ற கேள்விக்குள் தேவையான அளவு மட்டும் வந்து சேர்ந்துகொள்ளும்.

எழுதிப் பழகுவதற்கு, சிறிது நேரத்திற்குள் நடந்து முடியும் கதைகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பத்துமலையில் பால்குடம் சுமந்து ஏறும் மகள் எதற்காக நேர்ந்துகொண்டாள் என்பது உடன் வரும் தாய்க்குத் தெரியாது. 272 படிகள் முடிவதற்குள் அவள் அதைத் தெரிந்துகொள்ள முயல்கிறாள். செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறும் ஒருவர், பேச்சுவார்த்தை நின்றுபோன பழைய நண்பரை எதிர் இருக்கையில் காண்கிறார். கேஎல் சென்ட்ரல் வருவதற்குள் இருவரில் ஒருவராவது பேசியாக வேண்டும். பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம்மின் முடிவு வெளியான காலையில் மகனோடு தொலைபேசியில் பேசும் தாயின் சொற்களை மட்டும் எழுதி, மகன் என்ன சொன்னான் என்பதை வாசகர் ஊகிக்கும்படி விடலாம். ஒன்றைத்தான் எழுத முடியும் என்றால், மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) இருவர் தே தாரே என்னும் ஆற்றிய தேநீரைக் குடித்துக்கொண்டிருக்க, ஒருவர் ‘கடன்’ என்ற சொல்லே வராமல் கடன் கேட்கும் காட்சியை எழுதுங்கள். மனத்தில் உள்ளதை நேராகச் சொல்லாத உரையாடலை எழுதக் கைவந்துவிட்டால் பாதிக் கதை கைவந்த மாதிரிதான்.

பயிற்சியால் எழுத்து வராது என்று சொல்வோர் இருக்கிறார்கள். 1950இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய ‘கதை வகுப்பு’, இந்நாட்டுச் சிறுகதைக்கு எழுத்தாளர்களை உருவாக்கித் தந்த முயற்சி என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

மலாய்ச் சொற்களைப் பொறுத்தவரை, பாத்திரம் இயல்பாகப் பேசக்கூடியதைப் பேசட்டும். பாசார் மாலாமுக்குப் புறப்படுகிறவர் வீட்டாரிடம் ‘இரவுச் சந்தைக்குச் செல்கிறேன்’ என்று சொல்வதில்லை. கதையைச் சொல்லும் குரல் உங்களுடையது என்பதால் அங்கே மட்டும் தமிழைக் கவனமாகக் கையாளுங்கள். பேச்சின் முடிவில் வரும் ‘லா’ என்ற மலாய் அசையை வரிக்கு வரி போடுவது மண்வாசனை ஆகாது. பக்கத்துக்கு ஒன்று தாராளம்.

முடித்த கதையை ஒரு வாரம் தொடாமல் வைத்திருந்து, பிறகு உரக்கப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். முதல் பத்தியை நீக்கியும் படித்துப் பாருங்கள்; புதியவர்களின் கதை பெரும்பாலும் இரண்டாம் பத்தியில்தான் தொடங்குகிறது. ஒற்றுப்பிழைகளைக் கடைசியில் திருத்தினால் போதும். நாளிதழின் ஞாயிறு பதிப்புக்கு அனுப்புவதாயின் யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். பதில் தெரியும் முன் அதே கதையை வேறோர் இதழுக்கும் அனுப்பிவிட வேண்டாம்.