மதகு காணாத மண் அணை

கேள்வி: அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் என் மகள் வீட்டருகே ஒரு சிறிய மண் அணை உள்ளது. வெள்ளத் தடுப்புக்காகக் கட்டியதாம். ஆனால் மக்கள் அதில் படகு ஓட்டுகிறார்கள், தூண்டில் போடுகிறார்கள். ஏற்றி இறக்கும் ஷட்டர் எதுவும் கண்ணில் படவில்லை. நீருக்குள் ஒரு கான்கிரீட் பெட்டி மட்டும் நிற்கிறது. நீர்மட்டத்துக்கு மேலே இவ்வளவு உயரத்தை வீணாக விட்டிருப்பது ஏன்? கரையில் ஒரு மரம்கூட இல்லையே?

பதில்: வீணாகத் தோன்றும் அந்த வெற்றிடத்துக்காகத்தான் அணையையே கட்டினார்கள். கான்கிரீட் பெட்டியின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுவே ஏரியின் வழக்கமான மட்டம். பெருமழையில் அதற்கு மேல் ஏறும் நீர் பெட்டிக்குள் விழுந்து, கரைக்கு அடியில் பதித்த குழாய் வழியே, கீழேயுள்ள ஓடை தாங்கும் அளவில் சில நாட்களில் வடிந்துவிடும். நள்ளிரவில் ஷட்டரைத் தூக்க ஆள் ஓடிவர வேண்டியதில்லை. அதையும் மீறி வெள்ளம் வந்தால், கரையோரமாக அகலமாக வெட்டிப் புல் வளர்த்த கால்வாய், நம் ஏரிகளின் கலிங்கைப் போல, மிச்சத்தை வெளியேற்றும். இவ்வகை அணைகளில் முதலாவது, 1948-இல் அதே மாநிலத்தின் கார்டெல் அருகே, கிளவுட் க்ரீக் ஓடையில் எழுந்தது; இன்று அந்த மாநிலத்தில் மட்டும் 2,000-க்கும் மேல் உள்ளன.

படகுக்காக அந்த இடத்தையும் நிரப்பினால் என்ன என்று தோன்றலாம். பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் மண் அணை, கால்வாய்ப் போக்குவரத்துக்காகக் கட்டப்பட்டு, பின்னர் செல்வந்தர்களின் மீன்பிடி மன்றத்திடம் சென்றது. அடியிலிருந்த வடிகுழாய்கள் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தன. மன்றத்தார் அவற்றை மீண்டும் பொருத்தாமல் ஏரியை நிரப்பினார்கள். வண்டிகள் போகக் கரையின் உச்சியைத் தாழ்த்தி, வளர்த்த மீன்கள் தப்பாதபடி கலிங்கில் கம்பிவலையும் அடித்தார்கள். 1889 மே 31 அன்று கொட்டிய மழையில் அந்த வலையைக் குப்பை அடைத்துக்கொள்ள, நீர் கரைமேல் வழிந்து மண்ணை அரித்து அணையை உடைத்தது. கீழேயிருந்த ஜான்ஸ்டவுன் நகரிலும் வழியோர ஊர்களிலும் 2,200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மரம் இல்லாததும் காரணத்தோடுதான். பட்டுப்போன மரத்தின் பெருவேர் மட்கினால், கரைக்குள் நீர் கசியக் குழாய்போல வழி பிறக்கும். காற்றில் சாயும் மரமோ கரை மண்ணையே பெயர்த்துக்கொண்டு விழும். பனைகள் வரிசையாக நிற்கும் ஏரிக்கரையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மொட்டையாகத்தான் தெரியும். ஆனால் பனைக்கு இருப்பது மண்ணைக் கவ்விப் பிடிக்கும் சல்லிவேர்.