டீச்சர் பதில்கள்: குரங்கும் எலும்பும் ஒரு படிப்பா?

கேள்வி: டீச்சர், என் மகள் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம். அடுத்து எம்.ஏ. மானிடவியல்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "குரங்கையும் எலும்பையும் பார்க்கவா பிள்ளைய மெட்ராசுக்கு அனுப்பப் போறிய?" என்று அவள் பெரியப்பா சத்தம் போடுகிறார். அப்படி என்ன படிப்பு இது?
– ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

பதில்: பெரியப்பா கோபத்திலும் பாடத்திட்டத்தில் பாதியைச் சரியாகச் சொல்லிவிட்டார். மனிதனை உடலாகவும் சமூகமாகவும் சேர்த்துப் படிப்பதுதான் மானிடவியல். அதில் குரங்கு உண்டு, எலும்பு உண்டு. மீதிப் பாதி கல்யாணம், சொத்து, சாமி, சாப்பாடு, சண்டை.

நானும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தவள்தான். அங்கே அந்தத் துறை 1945-இலிருந்து இருக்கிறது. உறவுமுறைப் பாடத்தில் ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம் என்று பலகை நிறைய வரைவார்கள். அத்தை மகனைக் கட்டிக்கொள்ளலாம், சித்தப்பா மகன் அண்ணன் முறை என்றதும், வடக்கேயிருந்து வந்த ஒரு பெண் வாயைப் பிளந்துவிட்டாள். "ரெண்டு பேருமே கசின்தானே?" என்றாள். இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை.

அப்புறம் வகுப்பில் லூயிஸ் ஹென்றி மார்கன் வந்தார். அமெரிக்க வழக்கறிஞர். நியூயார்க் மாகாணத்துச் செனகா பழங்குடியினர், அப்பாவின் சகோதரரை அப்பா வரிசையிலும் அவர் பிள்ளைகளை உடன்பிறப்பு வரிசையிலும் வைப்பதைக் குறித்து வைத்திருந்தவர். பாதிரிமார் மூலம் தமிழர் உறவுமுறையை வரவழைத்துப் பார்த்தால், இங்கும் கிட்டத்தட்ட அதே அடுக்கு! அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு இதுவே சான்று என்று 1871-இல் பெரிய புத்தகமே போட்டார். அவர்கள் ஆசியாவிலிருந்து போனது உண்மைதான். ஆனால் அதற்கு ஆதாரம் வேறு. ஒரே மாதிரி உறவுமுறை இரண்டு இடங்களில் தனித்தனியாகவும் உருவாகலாம். எப்படியோ, நம் வீட்டுப் பந்தலில் பேசுகிற முறையை வைத்து உலகம் முழுக்க ஒரு வழக்கு நடந்திருக்கிறது. பெரியப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவரும் அப்பா வரிசையில் இருப்பவர், கேட்பார்.

கேள்வி: ஆதிச்சநல்லூர் எங்களுக்குப் பக்கம். அங்கே பழங்கால ஈமத்தாழியில் கிடைத்த எலும்பை ஆராய்வது சரி. அதே துறையில் குரங்குக்கு என்ன வேலை?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: மனிதனைப் புரிந்துகொள்ள, அவனுக்கு நெருங்கிய உறவான குரங்கையும் பார்க்கிறார்கள். உங்கள் ஊர்ப் பக்கத்து எலும்பையும் குரங்கையும் ஒரே ஆள் ஆராய்ந்திருக்கிறார் தெரியுமா? 114 ஏக்கர்ப் பரம்பில் முதலில் தோண்டியவர் 1876-இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர். பின்னால் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அங்கே கிடைத்த மண்டையோடுகளைப் பற்றி 1930-இல் எழுதியவர் உடற்கூறியல் அறிஞர் சாலி சக்கர்மன். லண்டன் மிருகக்காட்சி சாலையில் பபூன் குரங்குகளைக் கவனித்தவரும் அவரேதான். அங்கே ஒரு செயற்கைக் குன்றில் ஆண் குரங்குகளை ஏராளமாகவும் பெண் குரங்குகளைக் கொஞ்சமாகவும் விட்டிருந்தார்கள். ஒரே ரத்தக்களறி, பெண் குரங்குகள் பல செத்துப்போயின. குரங்குச் சமூகமே இச்சையாலும் அடக்குமுறையாலும் ஆனது என்று சக்கர்மன் முடிவு கட்டினார். பிறகு 1960-களில் சுவிட்சர்லாந்து விலங்கியலாளர் ஹான்ஸ் கும்மர் எத்தியோப்பியாவுக்கே போய் அதே இனத்தைப் பார்த்தார். காட்டில் அப்படிப்பட்ட படுகொலை இல்லை. கண்டபடி சேர்த்து அடைத்து வைத்ததன் விளைவுதான் லண்டனில் நடந்தது.

மண்டையோட்டை அளந்து "இவர் இன்ன இனம்" என்று முத்திரை குத்தியதும் அந்தக் காலத்து வேலைதான். இன்று பல்லைப் பார்த்து என்ன தின்றார்கள், எலும்பைப் பார்த்து என்ன நோய், எத்தனை வயது என்று கேட்கிறார்கள். இதுதான் உருப்படியான கேள்வி என்பேன்.

கேள்வி: குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று நிரூபிக்கத்தானே இதெல்லாம்?
– வாசகர், களக்காடு

பதில்: இல்லை. இன்றைக்கு இருக்கிற எந்தக் குரங்கும் நமக்குப் பாட்டன் இல்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான மூதாதை சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் இருப்பதோ களக்காட்டில்! சிங்கவால் குரங்குக்காகவே 1976-இல் சரணாலயம் அறிவித்த ஊர். களக்காடு முண்டந்துறைக் காட்டில் கருமந்தி, சாம்பல் மந்தி, நாட்டுக் குரங்கு, தேவாங்கு எல்லாம் உண்டு. மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை, பாபநாசம் படித்துறையில் ஒரே ஒரு நாட்டுக் குரங்கைத் தேர்ந்தெடுத்து, நிமிஷத்துக்கு ஒருமுறை அது என்ன செய்கிறது என்று எழுதுவது. தின்றது, சொறிந்தது, பேன் பார்த்தது, சும்மா இருந்தது. பிரசாதப் பையைப் பறிக்கிற குரங்கின் பின்னால் கண் ஓடக்கூடாது. பாதிப் பேர் அரை மணி நேரத்தில், "டீச்சர், ஒண்ணுமே நடக்கல" என்று வந்து நிற்பார்கள். அந்த "ஒண்ணுமே நடக்கல"யையும் எழுதி வைப்பவர்தான் தேறுவார்.

கேள்வி: வேலை கிடைக்குமா?
– மாணவர், வள்ளியூர்

பதில்: வரிசையில் நின்று கூப்பிடமாட்டார்கள். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மானிடவியல் ஆய்வகம், அருங்காட்சியகங்கள், கல்லூரிகள், தொண்டு நிறுவனங்கள் என்று இடங்கள் உண்டு, ஆனால் குறைவு. யு.பி.எஸ்.சி.யில் விருப்பப் பாடமாக எடுக்கலாம். புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்திலும் எம்.ஏ. இருக்கிறது.

கேள்வி: காரையாறு பக்கம் காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புக்கு கேமராவோடு போய் ஆய்வு செய்யலாமா?
– கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டாம்மா. வனத்துறை அனுமதி ஒருபக்கம் இருக்கட்டும், அந்த ஊர்க்காரர்கள் சம்மதித்தார்களா? ஒருநாள் போட்டோ எடுத்துவிட்டு வருவது ஆய்வாகாது. அதற்கு முன்னால் உங்கள் தெருச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவை எழுதுங்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி யார் யாருக்கு, வெளியூரில் இருப்பவர் எவ்வளவு தருகிறார், கட்டிக்கொடுத்த மகளிடம் வரி வாங்குகிறார்களா, விதவை வீட்டுக்கு என்ன கணக்கு, முதல் மரியாதை எந்தக் குடும்பத்துக்கு, அதில் எந்த வருஷம் சண்டை வந்தது. வரி நோட்டு வைத்திருக்கிற பெரியவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் எழுதி எனக்கு அனுப்புங்கள். ஆட்கள் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள்.