குரல் உயராத கோபம்

கேள்வி: பதினைந்து பேர் கொண்ட குழுவுக்குத் தலைமை வகிக்கிறேன். எவ்வளவு கோபம் வந்தாலும் குரலை உயர்த்தியதில்லை. அதை என் பலமாகவே எண்ணியிருந்தேன். அண்மையில் சக ஊழியர் ஒருவர், "கெட்ட செய்தியை உங்களிடம் சொல்ல எல்லோரும் பயப்படுகிறோம்" என்றார். அப்படியானால் மனத்தில் உள்ளதை அப்படியே கொட்டிவிடுவதுதான் நேர்மையா? அதனால் என் மதிப்புக் குறையாதா?

பதில்: குரலை அடக்கியதையே கோபத்தை அடக்கியதாக நீங்கள் கணக்கில் எழுதிக்கொண்டீர்கள். குழுவினரோ உங்கள் முகத்தையும், பதில் சொல்லுமுன் நீங்கள் விடும் இடைவெளியையும் படித்துக்கொண்டிருந்தார்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பின் அறியாத பெண்களை இருவர் இருவராக அமர்த்தி, மனத்தை வருத்தும் ஒரு செய்தியைப் பற்றிப் பேசச் செய்து, உணர்ச்சியை வெளிக்காட்டக் கூடாது என்று ஒருவரிடம் மட்டும் தனியே சொல்லியிருந்தார்கள். இந்த ஏற்பாட்டை அறியாமல் எதிரே அமர்ந்திருந்தவரின் இரத்த அழுத்தமும் உயர்ந்தது. அடக்கியவரின் சுமை அடக்கியவரோடு நிற்பதில்லை.

அதற்காகக் கொட்டிவிடவும் வேண்டாம். கொட்டினால் உங்கள் பாரம் இறங்கும். இறங்கிய பாரம் உங்களுக்குக் கீழே பணிபுரிபவர்களின் தலையில் ஏறும். அதை நேர்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, வந்திருப்பது எந்த உணர்ச்சி என்று சரியாகப் பெயரிடுவது. 'கோபம்' என்பது சோம்பேறித்தனமான சொல். எரிச்சல், ஏமாற்றம், ஆற்றாமை, அவமானம், அச்சம் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே போட்டு மூடிவிடுகிறோம். வேலை தாமதமானதும் உங்களுக்கு வருவது, மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது என்ற அச்சமாகக்கூட இருக்கலாம். உளவியலாளர் மத்தியூ லீபர்மேனும் குழுவினரும் 2007இல் வெளியிட்ட மூளைப் படப்பதிவு ஆய்வில், உணர்ச்சி ததும்பும் முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சியைச் சொல்லால் குறித்தபோது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு தணிந்தது.

ஆனால் 'ஏன் இப்படி உணர்கிறேன்' என்று தனியே அமர்ந்து தோண்டுவதை நான் அதிகம் நம்புவதில்லை. நிஸ்பெட், வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1977இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. முழுக்க ஒரே மாதிரியான நான்கு ஜோடிக் காலுறைகளை வரிசையாக வைத்துச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, பலர் வலது ஓரத்தில் இருந்ததையே எடுத்தார்கள். காரணம் கேட்டபோது ஒருவரும் அது இருந்த இடத்தைச் சொல்லவில்லை. நம் மனத்துக்கு நாமே சொல்லிக்கொள்ளும் காரணங்களும் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஆகவே, "எந்த நேரத்தில் என் முகம் மாறுகிறது?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்.

அடுத்த முறை கெட்ட செய்தி வரும்போது, "கேட்டதும் எனக்குப் பதற்றமாக இருக்கிறது, அரை மணி நேரம் கழித்துப் பேசுவோம்" என்று சொல்லலாம். கோபம் இருந்தால் மட்டும் 'கோபமில்லை' என்று சொல்லிவிடாதீர்கள். எதன் மீது கோபம் என்று சொல்லுங்கள். இதனால் மதிப்புக் குறையுமா என்றால், சிலரிடம் சில நாள் குறையலாம். கெட்ட செய்தி உங்களுக்குக் கடைசியாக வந்து சேரும் நிலையைவிட அது மலிவு.

உண்மையைச் சொன்ன அந்த ஊழியருக்கு நன்றி சொன்னீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. சொல்லியிராவிட்டால், நாளைக் காலை முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.